முதல் நாள் பெட்டி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

இன்னிசையும் நாடகமும் இலக்கியச் சொற்பொழிவும் நிகழ்ந்து வரும் இம்மேடையில், இவ்வாண்டு ஒரு பொறியைப் பற்றியும் பேச்சு இருக்கட்டும் என்று சங்கத்தார் பணித்தனர். மின்னணுச் சில்லுகளோடு பழகிக் காலம் கழிக்கும் எங்களுக்கு மேடைப் பேச்சுப் பழக்கமில்லை. பிழை காணின் பொறுத்தருள்க.

பொறியை நாடுமுன் வீட்டை நோக்குவோம். ஐதராபாத்து நகரில் நம் குடியிருப்பில் வாழும் குடும்பங்களுள், மாற்றல் உத்தரவின் கைவண்ணத்தைக் காணாத குடும்பம் அரிது. சென்னையிலிருந்து நாகபுரி, நாகபுரியிலிருந்து போபால், போபாலிலிருந்து இவ்வூர் என்று பெயர்ந்து வந்தவர் பலர். லாரி வாசலில் வந்து நிற்கும். கட்டில், அலமாரி, ஆட்டுக்கல், புத்தக மூட்டை எல்லாம் ஏறும். ஆனால் அனுபவம் மிக்க இல்லத்தரசி ஒரு பெட்டியை மட்டும் தனியே வைத்திருப்பார். சிறிய அடுப்பு, இரண்டு பாத்திரம், படி அரிசி, கொஞ்சம் பருப்பு, காப்பிப் பொடி, வடிகட்டி, குழந்தைகளுக்கு மாற்றுத் துணி, ஒரு கைவிளக்கு: இவ்வளவே அதில் இருக்கும். அப்பெட்டி லாரியில் கடைசியில் ஏறும், முதலில் இறங்கும். மற்றச் சாமான்களைப் பிரித்து அடுக்கப் பத்து நாள் ஆகலாம். ஆயினும் முதல் நாள் இரவு எக்குழந்தையும் பசியோடு உறங்குவதில்லை. இன்று நாங்கள் கூறவந்த செய்தி இந்தப் பெட்டிக்குள் அடங்கும்.

கணிப்பொறிகளில் உள்ள சில்லுகளைப் பொதுவாக இரு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை எவ்வேலையைக் கொடுத்தாலும் செய்யும். ஆனால் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்துச் செய்வதால் சில வேலைகளில் மெல்லவே நடக்கும். இரண்டாம் வகை ஒரே வேலைக்கென்று வார்க்கப்பட்டது. அவ்வேலையில் அதன் விரைவுக்கு ஈடில்லை. வேறு வேலை அதற்குத் தெரியாது. முன்னது எல்லாம் அறிந்த சமையற்காரர் ஒருவர். பின்னது இடியாப்பம் மட்டும் பிழியத் தெரிந்த அச்சு.

இவ்விரண்டின் நலன்களையும் ஒருங்கே பெற முடியாதா என்று அறிஞர் நெடுங்காலமாகவே எண்ணினர். 1960-ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாசேஞ்சல்சுக் கிளையில் பணியாற்றிய செரால்டு எசுட்ரின் என்பார், நிலையான பகுதி ஒன்றும் மாறும் பகுதி ஒன்றும் சேர்ந்த கணிப்பொறியை முன்மொழிந்தார். வேலைக்குத் தக்கவாறு மாறும் பகுதியின் அமைப்பையே மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. ஆனால் அக்காலத்தில் அவ்வாறு மாற்ற, மனிதர் கையால் உறுப்புகளைக் கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. அக்கருத்தைச் சில்லாகக் கடையில் வாங்கும் காலம் 1985-இல் வந்தது. சைலிங்சு நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான ராசு பிரீமன் என்பவரின் கருத்தில் உருவான அச்சில்லில் 64 தருக்கக் கட்டங்கள் இருந்தன. அவ்வகைச் சில்லை எப்.பி.ஜி.ஏ. என்பர். அந்நிறுவனம் 2022-இல் ஏ.எம்.டி. நிறுவனத்தோடு இணைந்துவிட்டது, சில்லின் வகை மட்டும் உலகெங்கும் பெருகி நிற்கின்றது.

இச்சில்லின் உள்ளமைப்பை எளிதில் விளக்கலாம். ஊரெங்கும் ஒரே மாதிரியான சிறு வீடுகளை வரிசையாகக் கட்டி, வீடுகளுக்கிடையே எண்ணற்ற தெருக்களைப் போட்டு, தெருமுனைதோறும் ஒரு கதவு வைத்ததாகக் கொள்வோம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறிய விடை அட்டவணை உண்டு. இன்ன கேள்வி வந்தால் இன்ன விடை என்பதே அவ்வட்டவணை. எந்த வீட்டில் எந்த அட்டவணை, எந்தத் தெருமுனைக் கதவு திறப்பு, எது அடைப்பு என்பதை முடிவு செய்துவிட்டால், அவ்வூர் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் பொறியாகிவிடும். அம்முடிவுகள் அனைத்தையும் ஒன்றும் சுழியுமாக எழுதிய நீண்ட கோவையே அமைப்புக் கோவை. வேறு கோவையை ஏற்றினால் அதே சில்லு வேறு பொறியாகும். காலையில் படம் பார்க்கும் பொறி, மாலையில் மறைமொழி பிரிக்கும் பொறி என்று மாற்றலாம்.

ஆனால் இங்கே இரு இடர்கள் உள. முதலாவது, பெரும்பாலான எப்.பி.ஜி.ஏ. சில்லுகள் மின்சாரம் நின்றதும் தம் அமைப்பை அடியோடு மறந்துவிடும். ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் பக்கத்திலுள்ள நினைவகத்திலிருந்து கோவையை மறுபடி ஏற்றியாக வேண்டும். இரண்டாவது, அக்கோவை மிக நீண்டது. கின்டெக்சு-7 வரிசையின் நடுத்தரச் சில்லு ஒன்றற்கு ஏறத்தாழ 9 கோடியே 15 லட்சம் பிட்டுகள் வேண்டும். வினாடிக்கு 5 கோடித் துடிப்பு வீதம் ஒரே கம்பி வழியே அனுப்பினால் இரண்டு வினாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். நான்கு கம்பி வழியே அனுப்பினால் அரை வினாடிக்குச் சற்றுக் குறைவு.

அரை வினாடி என்ன பெரிய காலம் என்று கேட்கலாம். நாங்களும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினோம். அவ்வெண்ணத்திற்கு நாங்கள் கொடுத்த விலையை இச்சபையில் கூறுவதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன், இந்நகரின் சிறு தொழிற்கூடம் ஒன்றில் எங்களிற் சிலர் பணியாற்றினோம். மருந்து ஆலைகளுக்குரிய கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். மாத்திரைப் பட்டைகள் விரைந்து ஓடும்போது அவற்றைப் படமெடுத்து, மாத்திரை விழாத குழியைக் கண்டுபிடிப்பது அதன் வேலை. எப்.பி.ஜி.ஏ. பொருத்திய அட்டை ஒன்று கணிப்பொறியில் செருகப்பட்டிருக்கும். முதலில் செய்த கருவிகள் நன்கு நடந்து ஆலைக்குச் சென்றன. பின்னர்ப் புதிய கணிப்பொறிகள் வந்தன. அதே வேளையில், அட்டைகளில் பற்றாசு வைக்கும் பணிக்கு வரங்கல் பக்கத்து இளைஞர் ஒருவரும் புதிதாகச் சேர்ந்தார்.

அதன்பின் ஒரு விந்தை தொடங்கிற்று. காலையில் வந்து கணிப்பொறியை இயக்கினால் அட்டை அதன் கண்ணுக்குத் தெரியாது. மின்சாரத்தை நிறுத்தாமல் மறுதொடக்கம் மட்டும் செய்தால் தெரியும். அன்று முழுவதும் ஒழுங்காக வேலை செய்யும். மறுநாள் காலை மீண்டும் காணோம். இரவுக் குளிரில் பற்றாசு சுருங்கி விலகுகின்றது என்று நாங்கள் முடிவு கட்டினோம். ஆக, குற்றம் அவ்விளைஞரின் கையில் என்றாயிற்று. அட்டைகளைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பற்றாசை மீண்டும் வைக்கச் செய்தோம். மூன்று வாரம் இவ்வாறு கழிந்தது. அவர் பணியை நிலைப்படுத்த வேண்டிய மாதம் அது. வேண்டாம் என்று எழுதிவிடலாமா என்றும் எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

அவரோ ஒன்றும் கூறாமல் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வந்தார். நாள், மணி, மின்சாரத்தை நிறுத்தி இயக்கியதா, வெறும் மறுதொடக்கமா, அட்டை தெரிந்ததா இல்லையா: இவ்வளவுதான். மே மாதத்தில் ஒரு நாள் அக்குறிப்பேட்டைக் கொண்டுவந்து எங்கள் முன் வைத்தார்.

“ஐயா, நேற்று நண்பகல் இரண்டு மணிக்கு மின்சாரம் போய் வந்தது. அப்போதும் அட்டை தெரியவில்லை. அந்த வெயிலில் குளிர் ஏது?” என்றார்.

எங்களிடம் விடையில்லை. குறிப்பேட்டைப் பார்த்தோம். மின்சாரம் நின்று வந்த போதெல்லாம் அட்டை மறைந்திருந்தது. மறுதொடக்கத்தின்போது ஒருமுறையும் மறையவில்லை. அப்போதுதான் செருகிடத்தின் விதி நினைவுக்கு வந்தது. பி.சி.ஐ. எக்சுபிரசு என்னும் அச்செருகிடத்தின் விதிப்படி, மின்சாரம் நிலைபெற்ற பின் 100 மில்லி வினாடி, அதாவது பத்தில் ஒரு வினாடி அளவே அட்டைக்கு உறுதியாகக் கிடைக்கும் அவகாசம். அதன்பின் கணிப்பொறி, ‘யார் யார் இருக்கிறீர்கள்?’ என்று பெயர் கூப்பிடத் தொடங்கிவிடலாம். எங்கள் சில்லோ கோவையை ஏற்றிக்கொள்ள அரை வினாடி எடுத்தது. பெயர் கூப்பிட்டபோது அது இன்னும் கண் விழிக்கவில்லை. பழைய கணிப்பொறிகள் சோம்பலாகத் தொடங்கியதால் எங்கள் தவறு மறைந்திருந்தது. புதியவை விரைந்து தொடங்கியதால் வெளிப்பட்டது. மறுதொடக்கத்தின்போது மின்சாரம் நிற்பதில்லை. ஆகவே சில்லு தன் அமைப்பை மறப்பதுமில்லை. பற்றாசில் ஒரு குறையுமில்லை. பிழை எங்கள் கணக்கில் இருந்தது. பழியோ அவர் தலையில் விழுந்தது.

அன்றே அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். பணியும் நிலையாயிற்று. இனித் தாமதத்தைக் குறைக்கும் வழியைத் தேடவேண்டியதாயிற்று. உலகில் இத்துறை அறிஞர் கண்ட வழிகளை அப்போதுதான் ஊன்றிப் படித்தோம். அவற்றைச் சுருக்கிக் கூறுவோம்.

முதல் வழி, பாதையை அகலப்படுத்துதல். நான்கு கம்பிக்குப் பதினாறு கம்பி போட்டுப் பார்த்தோம். அதே துடிப்பில் 114 மில்லி வினாடி ஆகும் என்று கணக்கு வந்தது. கம்பிகள் பெருகின, செலவு பெருகிற்று, அப்போதும் கெடு தவறியது.

இரண்டாம் வழி, மூட்டையைச் சுருக்கிக் கட்டுதல். ஊரில் பாதி வீடுகள் காலியாக இருப்பின், ‘இத்தெரு முழுவதும் காலி’ என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். ஒரே மாதிரியான பகுதிகளை ஒருமுறை அனுப்பிப் பல இடங்களில் பதிக்கவும் சில சில்லுகளில் வசதி உண்டு. இது நல்ல வழியே. ஆனால் ஊர் நிரம்ப நிரம்பச் சுருக்கம் குறையும். இன்று கெடுவுக்குள் ஏறும் கோவை, அடுத்த ஆண்டு நான்கு வசதிகளைச் சேர்த்தபின் ஏறாமற் போகலாம்.

மூன்றாம் வழி, மாறவேண்டிய பகுதியை மட்டும் மாற்றுதல். சமையலறையைப் புதுப்பிக்கப் படுக்கையறையைக் காலி செய்வோர் இல்லை. முன்னர்க் கூறிய வரிசைச் சில்லில், உள்ளிருந்தே கோவையை எழுதும் வாயில் ஒன்று உண்டு. அது ஒரு துடிப்பிற்கு 32 பிட்டாக, வினாடிக்கு 10 கோடித் துடிப்பு வரை ஏற்கும். அவ்வழியே முழுச் சில்லையும் எழுதினால் 28 மில்லி வினாடிக்குச் சற்று அதிகமாகும். இருபதில் ஒரு பங்கை மட்டும் எழுதினால் ஒன்றரை மில்லி வினாடிக்கும் குறைவே. மற்றப் பகுதிகள் அவ்வேளையிலும் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

நான்காம் வழி, முன்கூட்டியே அனுப்புதல். அடுத்து எவ்வேலை வரும் என்பதை ஊகித்து, நடப்பு வேலை முடியுமுன்னரே அதற்குரிய கோவையை ஏற்றத் தொடங்கலாம். இசுகாட்டு ஆக்கு என்னும் ஆய்வாளர் 1998-இல் இம்முறையை ஆராய்ந்து வெளியிட்டார். ஊகம் பலித்தால் காத்திருக்கும் நேரம் கரைந்துவிடும். பலிக்காவிடில், வாராத விருந்தினருக்கு இலை போட்ட கதையாகும்.

ஐந்தாம் வழி, பல கோவைகளைச் சில்லிற்குள்ளேயே அடுக்கி வைத்து, வேண்டும்போது புரட்டுதல். 1997-இல் இசுடீபன் டிரிம்பர்கர் என்பாரும் அவர்தம் குழுவினரும் எட்டு அமைப்புகளைத் தாங்கும் சில்லொன்றின் வடிவத்தை வெளியிட்டனர். 2003-இல் தொடங்கிய டாபுலா என்னும் நிறுவனம், எட்டு அமைப்புகளை வினாடிக்கு 160 கோடித் துடிப்பில் மாறி மாறிப் புரட்டும் சில்லையே விற்பனைக்குக் கொண்டு வந்தது. மாற்றத்தின் தாமதம் ஏறக்குறைய இல்லையென்றே ஆயிற்று. ஆயினும் 2015-இல் அந்நிறுவனம் மூடப்பட்டது. எட்டு ஊர்களின் வரைபடத்தையும் ஓரூரில் வைத்திருக்க இடமும் மின்சாரமும் வேண்டும். விரைவை எவரும் விலையின்றித் தருவதில்லை.

ஆறாம் வழி, மாறுவதையே குறைத்தல். 2014-இல் மைக்ரோசாப்டு நிறுவனத்தார், தம் பிங் என்னும் தேடற்பணிக்காக 1,632 கணிப்பொறிகளில் எப்.பி.ஜி.ஏ. அட்டைகளைப் பொருத்திச் செய்த சோதனையை வெளியிட்டனர். தேடிக் கிடைத்த ஏடுகளைத் தரவரிசைப்படுத்தும் பணியில் ஒவ்வொரு கணிப்பொறியும் ஆற்றிய வேலை 95 விழுக்காடு கூடிற்று. அங்கே கேள்விகள் பலவகை. ஒவ்வொரு வகைக்கும் வேறு வேறு மதிப்பீட்டு அட்டவணைகள். சில்லின் அமைப்பை மாற்றாமல், உள்நினைவகங்களில் புதிய அட்டவணைகளை நிரப்புவதற்கே 250 மைக்ரோ வினாடி வரை ஆகக்கூடும். ஓர் ஏட்டை மதிப்பிடும் நேரத்தைப் போல் அது ஏறத்தாழப் பத்து மடங்கு. ஆகவே அவர்கள் வகைக்கொரு வரிசை வைத்தனர். ஒரு வரிசை தீரும் வரை, அல்லது அதற்குரிய நேரம் முடியும் வரை அதனையே பார்த்து, பின்னரே அடுத்த வரிசைக்கு மாறினர். தோசைக்கல்லில் தோசை ஒன்று, சப்பாத்தி ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடாமல், தோசை முழுவதும் வார்த்தபின் சப்பாத்திக்குப் போகும் தாய்மார்களுக்கு இது புதிய செய்தியன்று.

அதே சோதனையில் மற்றொரு நுட்பமும் கண்டோம். மாறிக்கொண்டிருக்கும் சில்லு தன் நிலை தெரியாமல் அண்டைச் சில்லுகளுக்குப் பொருளற்ற செய்திகளை அனுப்பிவிடக்கூடும். ஆகவே மாறத் தொடங்குமுன், ‘நான் திரும்பி வந்து சொல்லும் வரை என் பேச்சைக் கேளாதீர்’ என்று அண்டைச் சில்லுகளுக்குச் சொல்லிவிட்டே மாறும்படி செய்தனர். அண்டை வீட்டாரிடம் சொல்லிக்கொண்டு ஊருக்குப் புறப்படுவது நம்மவர்க்கும் உள்ள வழக்கமன்றோ!

இவ்வழிகளில் எதனை நாங்கள் கைக்கொண்டோம்? இங்கேதான் முதல் நாள் பெட்டி துணைக்கு வந்தது. பெயர் கூப்பிடும்போது ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்லச் சில்லின் எப்பகுதி வேண்டும் என்று கேட்டுப் பார்த்தோம். செருகிடத்தோடு பேசும் சிறு பகுதி மட்டும் போதும். படத்தை ஆராயும் பெரும்பகுதி அந்நேரத்தில் வேண்டியதில்லை. மாத்திரைப் பட்டை ஓடத் தொடங்க இன்னும் நெடுநேரம் உண்டு. ஆகவே கோவையை இரண்டாகப் பிரித்தோம். நான்கு கம்பி வழியே 100 மில்லி வினாடிக்குள் 2 கோடி பிட்டுகள்தாம் ஏறும். முதற்பகுதியை அதற்கும் குறைவாகக் கட்டினோம். அது ஏறியதும் சில்லு விழித்துப் பெயர் கொடுத்துவிடும். எஞ்சிய பெரும்பகுதி பின்னர் அமைதியாக அச்செருகிடத்தின் வழியே வந்து சேரும். சில்லு செய்வோரே இவ்விரு கட்ட ஏற்றத்திற்கு வகை செய்து வைத்திருந்தனர். நாங்கள்தாம் அதுவரை தேடவில்லை. மொத்தத் தாமதம் அணுவளவும் குறையவில்லை. சொல்லப்போனால் சற்றுக் கூடிற்று. ஆனால் எவரும் காத்திருக்கவில்லை. மறுநாள் காலையில் அட்டை தெரிந்தது. அதற்கு மறுநாளும் தெரிந்தது. குறிப்பேட்டில் அவ்விளைஞர் ‘தெரிந்தது’ என்று ஒரு மாதம் தொடர்ந்து எழுதிய பின்னரே அதை மூடி வைத்தார்.

அவையோரே, தாமதத்தைக் குறைத்தல் என்பது எல்லாவற்றையும் விரைவாக்குவதே என்று நாங்கள் முன்பு எண்ணியிருந்தோம். காத்திருப்பவர் யார், அவருக்கு முதலில் வேண்டுவது எது என்பதே முதற்கேள்வி என்று இப்போது தெளிந்தோம். காத்திருப்போர் இல்லாத இடத்தில் தாமதம் தீங்கன்று. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் செவ்வாய்க் கோளில் பெர்சிவியரன்சு ஊர்தி இறங்கியபோது, கீழே தெரியும் நிலத்தைப் படமெடுத்து இறங்குமிடம் காண எப்.பி.ஜி.ஏ. ஒன்று துணை நின்றது. தரையிறங்கிய பின் அதே சில்லுக்கு வேறு கோவை ஏற்றி, நிலத்தில் ஊர்தியை ஓட்டிச்செல்லும் பணிக்குத் திருப்பினர். இறங்கும் வேளையில் ஒரு கணம் பிசகினும் அனைத்தும் பாழ். இறங்கிய பின்னரோ, வேலை மாற்ற வேண்டிய அவகாசம் இருந்தது. ஒரே சில்லுக்கே ஒரு பொழுதில் கணமும் பெரிது, மறுபொழுதில் நாழிகையும் சிறிது.

நம் குடியிருப்பின் இளைஞர் சிலர் இந்நகரிலுள்ள சில்லு வடிவமைப்பு நிலையங்களில் பணியாற்றுகின்றனர். இன்னும் பலர் கல்லூரிகளில் பயில்கின்றனர். அவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இரண்டு. வேகத்தைத் தேடுமுன் காத்திருப்பவரைத் தேடுங்கள். குற்றவாளியைத் தேடுமுன் குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள். மூன்று வாரம் ஓர் உழைப்பாளியின் கையைப் பழித்தோம். அவர் கையெழுத்தே எங்களுக்கு வழி காட்டிற்று. இதனை மறைத்துவிட்டு நுட்பத்தை மட்டும் கூறினால் உரை முழுமை பெறாது என்று தோன்றிற்று.

தாய்மார்களே, ஊர்தோறும் பெயர்ந்து சென்ற நீங்கள், முதல் நாள் பெட்டியைக் கட்டும் கலையைப் பயின்றது எந்தக் கல்லூரியிலுமில்லை. பொறியாளர் பலர் நெடிது ஆராய்ந்து கண்ட உண்மை உங்கள் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் முன்பே இருந்தது. அடுத்த மாற்றல் உத்தரவு வரும்போது, அப்பெட்டியைக் கட்டும் முறையை உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஏன் அவ்வாறு கட்டுகின்றீர்கள் என்பதையும் கூறுங்கள்.

அடுத்து நாடகம் இருக்கின்றது. நடிகர்கள் வேடம் மாற்றிக்கொண்டு காத்திருக்கின்றனர். அவர்களையும் உங்களையும் இனியும் காக்க வைத்தல், இத்தலைப்பில் பேசியவர்களுக்கு அழகன்று.